பத்துப் பேர் வேண்டும்



பெண்களின் துறவு மடம் என்றதும் நமது கரையோரத்தில் கன்னியர் மடம்தான் நினைவுக்கு வரும். அதற்கு வெகுகாலம் முன்பே அநுராதபுரத்தில் பிக்குணிகளின் மடங்கள் இருந்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுலா தேவியும் தோழியரும் துறவு கேட்டார்கள். பெண்களுக்குத் துறவு கொடுக்கத் தம்மால் இயலாது என்ற மகிந்த தேரர், தங்கை சங்கமித்தையை அழைப்பித்தார். மகாவம்சம் அப்படித்தான் சொல்கிறது. முதலில் கேட்டவர்கள் பெண்கள் என்பதைக் கவனியுங்கள்.

கி.பி. 429இல் இலங்கைப் பிக்குணிகள் எட்டுப் பேர், நந்தி என்பவரின் கப்பலில் சீனா போனார்கள். அங்குள்ள பெண்களுக்கு முறைப்படி தீட்சை கொடுக்கப் பத்துப் பிக்குணிகள் வேண்டும். ஆள் போதவில்லை. திரும்பி வராமல், சீன மொழி படித்துக்கொண்டு காத்திருந்தார்கள். "அத்தனை வருசம் யார் சோறு போட்டது?" என்று முந்தலில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். முகாமில் இருந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். சீனப் பெண்களின் மடம்தான் இடம் கொடுத்தது. 433இல் நந்தி, தேவசாரா உட்பட மேலும் பதினொருவரைக் கொண்டுவந்து சேர்த்தார். நாஞ்சிங் நகரில் முந்நூறுக்கு மேற்பட்ட சீனப் பெண்கள் தீட்சை பெற்றார்கள்.

இங்கிலாந்தில் 1536 முதல் 1540 வரை கன்னியர் மடங்களை மூடியது அரசன். இங்கே மூடியது யுத்தம். 993இல் தொடங்கிய சோழர் படையெடுப்போடு அநுராதபுரம் பாழானது. பின்னர் சோழரை விரட்டிய முதலாம் விஜயபாகு, ஆண்களின் சங்கத்தை நிமிர்த்தப் பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்தார். பெண்களின் சங்கம் கைவிடப்பட்டது. எனக்கு இது புதினமில்லை. புனரமைப்புக் கூட்டங்களில் வள்ளமும் வலையும் முதல் பக்கத்தில் எழுதப்படும். கணவனை இழந்தவளின் காணி உறுதி கடைசிப் பக்கத்தில்.

சீனாவில் அந்த மரபு அறுந்துபோகவில்லை. 1996இல் சாரநாத்தில் கொரியப் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் பத்துப் பேர் தீட்சை பெற்றார்கள். 1998இல் புத்தகயாவில் சீன மரபுப் பிக்குணிகள் முன்னிலையில் இன்னும் பலர். அதே வருடம் தம்புள்ளையில், நம் நாட்டு மண்ணிலேயே தீட்சை நடந்தது.

ஆனாலும் அடையாள அட்டையில் 'பிக்குணி' என்று எழுத ஆட்பதிவுத் திணைக்களம் மறுத்தது. ஓர் அட்டைக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் விடாமல் வழக்குப் போட்டார். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.