இருபத்தெட்டு நாள் மாதம்

சென்ற கல்வியாண்டின் இறுதியில், உதவித்தொகை வந்து சேரவில்லை என்று நம் துறை மாணவி ஒருவர் வந்து நின்றார். விசாரித்துப் பார்த்ததில் பிழை கல்லூரியிலும் இல்லை, வங்கியிலும் இல்லை. வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்த கைபேசி எண் அவருடைய தாயாருடையது. தாயார் செங்கல் சூளையில் வேலை செய்பவர். மழைக்காலத்தில் சூளை நின்றது, கூலி நின்றது, ரீசார்ஜும் நின்றது. மாதங்கள் சில கழிந்து பணத்தோடு கடைக்குப் போனபோது அந்த எண் அவருடையதாக இல்லை. வங்கி அனுப்பிய ஓடிபி யாரோ முகமறியாத ஒருவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. தொகை பின்னர் வந்து சேர்ந்தது. அதற்குள் மகளுக்கு நான்கு நாள் வகுப்பும் தாய்க்கு மூன்று நாள் கூலியும் போயிருந்தன.

அந்த நிறுவனம் எது என்பது இங்கு முக்கியமன்று. அது விதிப்படியே நடந்துகொண்டது. விதி என்ன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. 90 நாள் பயன்பாடின்றிக் கிடக்கும் எண்ணைத் துண்டிக்கலாம். துண்டித்தபின் குறைந்தது 90 நாள் கழித்துப் பிறருக்கு வழங்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை விளக்கியது. தம் தரவைக் காத்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் கூறிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கைபேசி நிறுவனங்களின் விளம்பரச் சொற்களையும் அப்படிப் பார்த்தால் என்ன?

முதற்சொல் 'வாழ்நாள்'. 2005 டிசம்பரில் ஏர்டெல் 999 ரூபாய்க்கு வாழ்நாள் இணைப்பு என்று அறிவித்தது, பிறரும் தொடர்ந்தனர். யாருடைய வாழ்நாள் என்ற கேள்வி எழுந்தபோது, நிறுவனத்தின் உரிமக் காலமே அதன் பொருள் என்று விளக்கம் வந்தது. அந்தப் பொருளும் நிலைக்கவில்லை. 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும், 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் செலுத்தாவிட்டால் இணைப்பு நீடிக்காது என்றன. அன்றோடு வாழ்நாள் முடிந்தது.

அடுத்த சொல் 'மாதம்'. திங்கள் என்னும் நம் சொல் நிலவையும் மாதத்தையும் ஒருங்கே குறிக்கும். அந்த நிலவே வளர்ந்து தேய்ந்து முடிய ஏறத்தாழ 29½ நாள் எடுத்துக்கொள்கிறது. நிறுவனங்களின் திங்களோ 28 நாளில் தேய்ந்துவிடுகிறது. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பணம் கட்டுவதாக நினைப்பவர் பதின்மூன்று முறை கட்டுகிறார். 30 நாள் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் ஆணையிட 2022 ஜனவரி வரை ஆயிற்று.

மூன்றாவது 'அளவற்ற' என்பது. நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்தி, நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளவுகள் அனைத்தும் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அளவைச் சொல்லிவிட்டு அளவற்றது என்று பெயர் வைப்பதற்கு எந்த இலக்கண நூலிலும் விதி இருப்பதாகத் தெரியவில்லை.

இவற்றுக்கெல்லாம் தலையாய சொல் 'சலுகை'. கொடுப்பவர் மனமிரங்கிக் குறைத்துத் தருவது சலுகை. கேட்பவர் தலைநிமிர்ந்து பெறுவது உரிமை. 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி சேவையைத் தொடங்கி, 2017 மார்ச் வரை இலவசமாகவே வழங்கியது. அது சலுகைதான், மறுக்க வேண்டியதில்லை. அந்தப் போட்டியைத் தாங்க முடியாமலும் கடன் சுமையாலும் பலர் களத்தைவிட்டு அகன்றனர். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனுவோடு நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும் அரசின் பிஎஸ்என்எல்லும். 2018-இல் 35 ரூபாயாக இருந்த 28 நாள் நுழைவுக் கட்டணம், 2024 ஜூலை உயர்வுக்குப் பின் ஏர்டெல்லில் 199 ரூபாய் ஆயிற்று. அந்த 199-இல் அளவற்ற அழைப்பும் 2 ஜிபி தரவும் அடங்கும் என்பது உண்மை. அவை வேண்டாதவர் என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

வலையமைப்பு மேம்படுவதை நாம் எதிர்க்கவில்லை. நம் மாணவர்கள் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பேருந்தில் அமர்ந்தபடியே படிக்கிறார்கள். நாம் ஒரு பதிப்பைத் தேடி நூலகம் நூலகமாக அலைந்த காலத்தை நினைத்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. 2022-இல் நடந்த 5ஜி அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் சுமார் ஒன்றரை இலட்சம் கோடி ரூபாய்க்குக் கேட்டன. போட்ட முதலை மீட்கத்தானே வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சூளையில் நிற்பவரின் பொத்தான் கைபேசி 5ஜியை அறியாது. 2020 ஜூலையில் முகேஷ் அம்பானி, 2ஜி-யிலேயே முப்பது கோடிப் பேர் சிக்கியிருக்கிறார்கள் என்றும் அதை வரலாறாக்க வேண்டும் என்றும் பேசினார். சிக்கியிருப்பவர்களை விடுவிப்பது ஒன்று. அவர்கள் பயன்படுத்தாத சாலைக்கு அவர்களிடமே சுங்கம் வாங்குவது வேறொன்று.

விற்பனை முறையும் மாறிவிட்டது. முன்பு பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு டாப்-அப் போடலாம். சுரண்டும் அட்டை வாங்கலாம். ரேட் கட்டர் கேட்கலாம். கடைக்காரருக்கு ஊரார் எண்களில் பாதி மனப்பாடம். "ஆத்தா, உனக்கு நாளையோட முடியுது" என்று அவரே சொல்லிவிடுவார். இன்று அந்த வேலையைச் செயலியும் குறுஞ்செய்தியும் செய்கின்றன. எழுத்தறியாத ஒருவருக்கு வரும் குறுஞ்செய்தி எச்சரிக்கை ஆகுமா? அது வந்ததே அவருக்குத் தெரியாது.

டிராய் இதை அறியாமல் இல்லை. தரவு வேண்டாதவர்களுக்குக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையிட்டது; சிறப்புத் திட்டங்களின் உச்சக் காலத்தை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. விலையை மட்டும் நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஜியோவில் 448 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் இது மலிவு. ஆனால் அன்றாடக் கூலி பெறுபவர் 469 ரூபாயை ஒரே கையில் எடுத்துவைக்க வேண்டும். சிறுகச் சிறுகக் கட்டுவோரிடம் கூடுதலும் மொத்தமாகக் கட்டுவோரிடம் குறைவும் வாங்குவது பழைய வட்டிக்கடை நியாயம். ஆணையின் கருணை அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. இன்று வங்கி, ரேஷன், ஓய்வூதியம், உதவித்தொகை அனைத்தும் கைபேசி எண்ணைக் கொண்டே ஆளை அறிகின்றன. அரசே அதை அடையாளமாக ஏற்றபின் அதைச் சந்தைச் சரக்காக மட்டும் விட்டுவைப்பது முறையாகாது. அழைப்பும் ஓடிபி-யும் வந்து சேர்வதற்கு மட்டுமான, ஆண்டு முழுவதும் செல்லக்கூடிய, ஒரு நாள் கூலிக்கு மேற்படாத இணைப்பொன்றை ஆணையமே விலை குறித்து அறிவிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தாலான 4ஜி வலையமைப்பைத் தொடங்கி வைத்த பிஎஸ்என்எல் இதில் முன்னே நடந்து காட்டலாம். பொதுத்துறை என்ற பெயருக்கு அது பொருள் சேர்க்கும்.

அந்தத் தாயார் இப்போது புதிய எண் வாங்கியிருக்கிறார். மகள் அதை வங்கியில் பதிவு செய்துவிட்டு, நாள்காட்டியில் 28 நாளுக்கொரு வட்டம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். ஆண்டு முழுவதற்கும் எண்ணிப் பார்த்தாராம்; பதின்மூன்று வட்டங்கள்.