கதிரவன் கழுவுமா குரோமியத்தை?

குரோம்பேட்டை என்னும் பெயருக்குள் ஓர் உலோகம் இருக்கிறது. குரோம் தோல் கம்பெனி அங்கே அமைந்ததால் வந்த பெயர் அது. குன்றத்தூரிலிருந்து வரும் நாம் பேருந்துப் பலகையில் அதைத் தினமும் படிக்கிறோம். வேதியியல் மாணவர்கள்கூட அதிலுள்ள தனிமத்தை நினைப்பதில்லை.

என்னால் நினைக்காமலிருக்க இயலாது. என் தந்தையார் பல்லாவரம் பக்கத்துத் தோல் தொழிற்கூடம் ஒன்றில் வேலை செய்பவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் பட்டப்படிப்புக்கு வந்திருக்கிறேன். ஆகவே தோல் தொழிலையே இழுத்து மூடு என்போருடனும் சேர முடியாது. கழிவுநீரால் கேடே இல்லை என்போருடனும் சேர முடியாது.

இப்போது மூன்றாவது கட்சி ஒன்று புறப்பட்டிருக்கிறது. வெயிலும் ஒரு சிட்டிகைப் பொடியும் போதும், நீர் தூயதாகிவிடும் என்கிறது அது. பொடி வேறொன்றுமில்லை, வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இப்பொருளின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் இதில் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழுகிறது. நீரில் கரைந்து திரியும் நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறன் குரோமியம் அந்த எலெக்ட்ரான்களைப் பெற்று மூவிணைதிறன் குரோமியமாகிறது. பிறகு காரம் சேர்த்தால் அடியில் படிந்துவிடும். அழகான வினைதான், மறுக்கவில்லை.

ஆனால் சூரிய ஒளியில் புற ஊதா சுமார் 5 சதவிகிதமே. நுண்பொடியை நீரிலிருந்து மீட்பதும் பாடு. படியும் குரோமியமே பொடியை மூடி அதன் வேலையைக் கெடுப்பதும் உண்டு. இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. சாயத்தை ஒளியால் சிதைக்கலாம். உலோகத்தைச் சிதைக்க முடியாது. அது நீரை விட்டு வண்டலுக்குப் போகிறது, அவ்வளவே. அந்த வண்டலை எங்கே வைப்பது? இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை 1 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்று நிலத்தடி நீரைக் கெடுத்ததே, அது யார் பொறுப்பு? குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

மேலும், தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூவிணைதிறன் குரோமியமே. அதற்கு வெயில் எதற்கு? பதனிட்ட நீரைத் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தலாம். என் கருத்தில் முதல் செலவு இதற்கே ஆக வேண்டும். ஒளிவினையூக்கி இராணிப்பேட்டை போன்ற இடங்களின் நீருக்கு உரியது.

அதையும் நாமே சோதித்துப் பார்க்கலாமே! நம் துறையின் மொட்டை மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. நீர்த்த பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல், சிறிது அமிலம், அகன்ற கண்ணாடித் தட்டுகள், கொஞ்சம் டைட்டானியம் டை ஆக்சைடு போதும். டைஃபினைல் கார்பசைடு சேர்த்தால் வரும் ஊதா நிறம் மணிக்கு மணி எவ்வளவு மங்குகிறது என்று குறிக்கலாம். ஒரு தட்டை இருட்டில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் அனுமதித்தால் கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடலாம். முடிந்தபின் கரைசலைத் தொட்டியில் கொட்டாமல், சுண்ணாம்பு சேர்த்து, வண்டலைத் தனிப் புட்டியில் எடுத்துவைக்க வேண்டும்.

— இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்