திறந்த கோப்பும் திருந்திய கோப்பும்

சிதைந்த ஏட்டைப் பதிப்பித்தல் புலவர் தொழில் என்றும், சிதைந்த கணினிக் கோப்பைச் சீர்செய்தல் பொறிவல்லார் தொழில் என்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். சென்ற ஆண்டுவரை யானும் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்துப் பிழையென்பதை ஒரு பழைய விரிதாள் எனக்குக் கற்பித்தது. இவ்விரண்டும் ஒரே தொழில் என்பதும், தமிழ் பயில்வார் அதனைப் பிறர்பால் விட்டுவிடலாகாது என்பதுமே ஈண்டு யான் சொல்லப் புகுவன.

எம் தமிழ்த்துறையில் முன்னாட் பயின்ற மாணவர் சிலர், விடுமுறைதோறும் தத்தம் ஊர்களில் உழவர், நெசவாளர், மீனவர் ஆகியோரிடம் தொழிற்சொற்களைக் கேட்டுத் திரட்டி, விரிதாள் ஒன்றிற் பதிந்து வைத்தனர். சொல், பொருள், வழங்கும் ஊர், கேட்ட நாள் என அதில் நிரல்கள் வகுக்கப்பட்டிருந்தன. சொல்லிய முதியோருட் பலர் இன்று இல்லை. அவர்தம் சொற்களுட் சில எந்த அகராதியிலும் இல்லை. இத்தகைய செல்வம் ஒரேயொரு பென் டிரைவில், ஒரேயொரு கோப்பாக இருந்தது. புதிய சொற்கள் சிலவற்றைச் சேர்க்கப் புகுந்த யான், சேமிப்பு முடியுமுன்னரே அதனைக் கழற்றிவிட்டேன். மறுநாள் கோப்புத் திறக்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கமும் இல்லை.

அக்கோப்பு, எக்செல் செயலியின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் வழங்கிய ‘எக்ஸ்.எல்.எஸ்.’ என்னும் பழைய வகையைச் சார்ந்தது. (அப்பதிப்பிற்கு உரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றுவிட்டன.) இவ்வகைக் கோப்பினுள் செய்தி சிறு சிறு துண்டுகளாய்ப் பிரிந்து கிடக்கும். எத்துண்டின்பின் எத்துண்டு வரும் என்பதை உள்ளேயே அமைந்த ஓர் அட்டவணை காட்டும். அவ்வட்டவணை சிதையின், துண்டுகள் இருந்தும் இல்லாதனவே. கயிறறுந்து, எண்ணழிந்து சிதறிய ஏட்டுக்கட்டினை நினைமின். ஓலைகள் எல்லாம் உள, நூலோ இல்லை! 2007-இல் வந்த புதுவகையோ பல சிறு கோப்புக்களை ஒரு பொதியாகக் கட்டி வைப்பது. அதில் ஓருறுப்புக் கெடினும் ஏனையவற்றைப் பிரித்தெடுக்க இயலும்.

கெட்ட கோப்பிற் கைவைக்குமுன் அதனைப் படியெடுத்தல் முதற்கடன். மூலத்தை அப்படியே வைத்துவிட்டுப் படியிலேயே யான் பணி தொடங்கினேன். செயலியிலேயே திறந்து பழுதுபார்க்கும் வழியொன்று உண்டு. அது முழுக்கோப்பையும் மீட்கவில்லையாயினும், செய்திகளை மட்டும் பிரித்துத் தந்தது. பின்னர் லிபர் ஆபிஸ் என்னும் விலையில்லாச் செயலியில் மற்றொரு படியைத் திறந்தேன். அது வேறு சில நிரைகளைத் தந்தது. இரண்டினையும் ஒப்புநோக்கியபோது, பாடவேறுபாடு என்று வகுப்பிற் கற்றதன் பொருள் எனக்கு முதன்முதலாக விளங்கிற்று.

ஆயினும், மீண்டு வந்த எழுத்துக்கள் தமிழாகத் தோன்றவில்லை. முற்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்தின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்துக் கொண்டவை. அவ்வுரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். ஒருங்குறியின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், நாம் நெடுங்காலம் அதனைக் கைக்கொள்ளாதிருந்தோம். எழுத்துக்களை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொரு நிரையாகப் படித்துத் திருத்தப் பல மாலைகள் சென்றன.

முடிவில், நாற்பதுக்கு மேற்பட்ட சொற்களுக்கு ஊர்ப்பெயர் கிட்டவில்லை. ‘மீன்பிடிச் சொல்லாயின் கடற்கரையூர் ஒன்றை எழுதிவிடு, யார் அறிவார்?’ என்றான் என் நண்பன். என் பிழை மறையும் என்னும் ஆசையால் யானும் ஒரு கணம் மயங்கினேன். அப்பொழுது புறநானூறு நினைவுக்கு வந்தது. அந்நூலில் 267, 268-ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. பிற பாட்டுக்கள் சிலவற்றிலும் சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவே நிற்கின்றன. 1894-இல் அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு அவ்விடங்களை நிரப்பும் புலமை இல்லையா? இருந்தும் நிரப்பவில்லை. அப்புள்ளிகளே அப்பதிப்பின் வாய்மைக்குச் சான்று. யானும் ஊர்ப்பெயர் அறியா இடங்களை வெற்றிடமாகவே விட்டு, ‘சிதைந்தது’ எனக் குறித்தேன்.

கோப்புத் திறந்துவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவது பேரிடர். திறவாத கோப்புத் தன் கேட்டைத் தானே அறிவிக்கின்றது. திறந்தும் குறைந்திருக்கும் கோப்போ நம்மை ஏமாற்றுகின்றது. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். கொரோனா ஆய்வு முடிவுகள் பழைய ‘எக்ஸ்.எல்.எஸ்.’ வகைக் கோப்பில் ஏற்றப்பட்டன. அவ்வகைத் தாளொன்று 65,536 நிரைகளுக்குமேற் கொள்ளாது. எஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்றுற்றோருள் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். அவரோடு பழகினோரைத் தேடி எச்சரித்தலும் தாழ்ந்தது. அக்கோப்புத் திறந்தே இருந்தது; திருந்தியதாக இருந்ததில்லை.

‘புதிய செயலியை வாங்கினால் இவ்விடர் இராதே’ என்பார் உளர். இன்று புதியது நாளைப் பழையதாகும் அன்றோ? 1983-இல் வெளிவந்து அலுவலகங்களை எல்லாம் ஆண்ட லோட்டஸ் 1-2-3 இன்று விற்பனையிலேயே இல்லை. ஆதலின், நம் கல்லூரி மன்றங்களின் பதிவுகளைத் தனியொரு செயலியை நம்பாத திறந்த வடிவில், ஒருங்குறி எழுத்தில், மூன்றிடங்களில் வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று அச்சிட்ட தாளாயிருத்தல் நன்று. ஆண்டுக்கொருமுறை ஒருவர் அவற்றைத் திறந்து படித்து ஒப்புநோக்குதல் அதனினும் நன்று. 1887-இல் கலித்தொகையை வெளியிட்ட சி. வை. தாமோதரம் பிள்ளை போன்றோர் ஏடு தேடி அலைந்ததற்குக் காரணம், நம் முன்னோர் ஒரு தலைமுறை படியெடுக்க மறந்தமையே. அம்மறதியை நாமும் செய்யலாமோ?

இறுதியாக, பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இச்சொற்களைத் திரட்டியோருள் எவரேனும் இவ்விதழைப் படிப்பீராயின், அந்நாளைய குறிப்பேட்டினை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் கிடைப்பினும் அதன் படியைத் தமிழ்த்துறைக்கு அனுப்பியுதவுங்கள். நாற்பது வெற்றிடங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.