நாற்காலியைக் காலி செய்தால் போதும்!

தொழிலாளிக்காக எழுதப்பட்ட சட்டம் ஒன்றை ஒழித்துக்கட்ட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? சட்டசபையில் மசோதா கொண்டுவர வேண்டும், வாதப் பிரதிவாதம் நடக்க வேண்டும், ஓட்டெடுத்து ரத்துச் செய்ய வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் அந்தச் சிரமமெல்லாம் தேவைப்படவில்லை. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. அதை அமல் நடத்தும் போர்டில் ஒரே ஒரு நாற்காலியைக் காலி செய்தார்கள். காரியம் முடிந்தது!

2025 ஜனவரி 27ந் தேதி இரவு. டிரம்ப் மீண்டும் ஜனாதிபதியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தேசியத் தொழிலாளர் உறவு போர்டின் உறுப்பினர் க்வின் வில்காக்ஸ் அம்மையாருக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. அவருடைய பதவிக்காலமோ 2028 ஆகஸ்டு வரை இருந்தது. கடமை தவறினாலோ, பதவியில் முறைகேடு செய்தாலோ, நோட்டீஸ் கொடுத்து விசாரித்த பிறகுதான் போர்டு உறுப்பினரை நீக்கலாம் என்பது சட்டம். நோட்டீசும் இல்லை, விசாரணையும் இல்லை. 1935ல் போர்டு பிறந்த நாளிலிருந்து எந்த ஜனாதிபதியும் இப்படி ஒரு உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பியதில்லை.

போர்டுக்கு 5 நாற்காலிகள். அவற்றில் 2 ஏற்கெனவே காலி. மூன்று பேர் இருந்தால்தான் கோரம். மூவரில் ஒருவரைக் கழித்தால் மிச்சம் இருவர். அந்த இருவர் கூடிச் சொல்லும் தீர்ப்பு செல்லாது. பள்ளிக்கூடத்துப் பையன் போடும் கழித்தல் கணக்குத்தான்!

அதே ஜனவரி 27ந் தேதி, பிலடெல்பியா நகரத்தில், அமேசான் கம்பெனிக்குச் சொந்தமான ஹோல் புட்ஸ் பலசரக்குக் கடை ஒன்றில் தொழிலாளர்கள் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய ஓட்டுப் போட்டார்கள். சங்கம் வேண்டும் என்று 130 பேர், வேண்டாம் என்று 100 பேர். சங்கம் ஜெயித்தது. கம்பெனி என்ன சொல்லிற்று தெரியுமா? வாஷிங்டனில் போர்டுக்குக் கோரம் இல்லை, ஆகவே இந்தத் தேர்தலை ஊர்ஜிதம் செய்யப் பிராந்திய ஆபீசுக்கு அதிகாரம் கிடையாது என்று ஆட்சேப மனுப் போட்டது! மே மாதத்தில் பிராந்திய டைரக்டர் அந்த ஆட்சேபத்தைத் தள்ளினார். தள்ளினால் என்ன? அவருக்கு மேலே போர்டு இருக்கிறது. அங்கே மனுவை வாங்கலாம், கட்டி வைக்கலாம், விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. காலம் கடத்துவது முதலாளிக்கு லாபமேயொழிய நஷ்டமில்லை என்பதை, வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைந்த எந்தத் தொழிலாளிக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் போர்டுகளும் கமிஷன்களும் எப்படிப்பட்டவை? அமெரிக்க மத்திய சர்க்காரின் அதிகார வர்க்கத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, இலாகாக்களின் தலைவர்கள். அவர்கள் ஜனாதிபதியின் ஆட்கள்; அவர் விரும்பினால் இருப்பார்கள், விரும்பாவிட்டால் போவார்கள். இரண்டாவது, அன்றாட வேலையைப் பார்க்கும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட உத்தியோகஸ்தர்கள். ஒரு காலத்தில் இந்த உத்தியோகங்களெல்லாம் தேர்தலில் ஜெயித்த கட்சிக்குக் கிடைத்த கொள்ளைப் பொருள். 1881ல், தனக்கு உத்தியோகம் தரவில்லை என்ற கோபத்தில் ஒருவன் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டுக் கொன்றான். 1883ல் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. அப்போதும் பத்தில் ஒரு பங்கு உத்தியோகங்களுக்குத்தான்! மிச்சமெல்லாம் மெள்ள மெள்ளத்தான் வந்து சேர்ந்தன.

மூன்றாவது அடுக்குத்தான் சுயேச்சைக் கமிஷன்கள். ஜனாதிபதி பெயர் சொல்வார், செனட் சபை சம்மதிக்க வேண்டும். பெரும்பாலும் ஐந்து பேர். அவர்களுடைய பதவிக்காலங்கள் ஒரே நாளில் முடியாதபடி முன்பின்னாக வைத்திருப்பார்கள். பல கமிஷன்களில் ஒரே கட்சிக்காரர்கள் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் ஷரத்து உண்டு. இவர்கள் விதி எழுதுவார்கள், விதியை நடத்துவார்கள், மீறியவனை விசாரித்துத் தீர்ப்பும் சொல்வார்கள். சட்டசபை, சர்க்கார், கோர்ட்டு மூன்றும் ஒரே கட்டடத்தில்! இத்தனை அதிகாரம் உள்ள ஆபீஸ் ஜனாதிபதியின் கைப்பாவையாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான், காரணமில்லாமல் நீக்க முடியாது என்ற வேலி.

வேலி நல்லதுதான். ஆனால் வேலிக்குள்ளே யார் மேய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? சுயேச்சை என்ற சொல்லைக் கேட்டதும் கும்பிடு போடுகிற வழக்கம் நமக்கில்லை.

முதல் கமிஷனின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1887ல் ரயில்வே கம்பெனிகளின் கட்டணக் கொள்ளையை அடக்க மாநிலங்களிடை வர்த்தகக் கமிஷன் பிறந்தது. இந்தச் சனியனைத் தொலைத்துவிடலாமா என்று ஒரு ரயில்வே கம்பெனித் தலைவர், ரிச்சர்ட் ஆல்னி என்ற பெரிய ரயில்வே வக்கீலிடம் யோசனை கேட்டார். 1892ல் ஆல்னி எழுதிய பதில் சரித்திரத்தில் நிற்கிறது. தொலைக்க வேண்டாம், சர்க்கார் கண்காணிக்கிறது என்று ஜனங்கள் கத்துகிறார்கள், இந்தக் கமிஷன் அதைப் பெயரளவில் திருப்திப்படுத்துகிறது, நாளாக நாளாக அது கம்பெனிகளின் கண்ணோடுதான் பார்க்கத் தொடங்கும், ஜனங்களுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே தடுப்புச் சுவராக நிற்கும், ஆகவே அதை ஒழிக்காதீர்கள், உபயோகப்படுத்திக் கொள்ளுங்கள் என்பது அந்தப் பதிலின் சாரம்! அடுத்த வருஷமே இந்த மகானுபாவர் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1894ல் புல்மன் ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலை நிறுத்தத்தைக் கோர்ட்டுத் தடையுத்தரவாலும் பட்டாளத்தாலும் நசுக்கியவர் இவரேதான். ரயில்வே தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் ஆறு மாதம் சிறைக்குப் போனார்.

இன்னொரு வேடிக்கை உண்டு. காரணமில்லாமல் கமிஷனரை நீக்க முடியாது என்ற வேலியை, தொழிலாளியோ தொழிலாளியின் நண்பனோ கட்டவில்லை. முதலாளிகளின் சிநேகிதர் ஒருவருடைய சம்பளப் பாக்கி கட்டிற்று! வில்லியம் ஹம்ப்ரி என்பவர் பெடரல் வர்த்தகக் கமிஷனில் இருந்தார். கம்பெனிகளைக் கண்காணிக்க வேண்டிய நாற்காலியில் கம்பெனிகளுக்கு வேண்டியவர். 1933ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானதும் ராஜிநாமா செய்யுங்கள் என்று கடிதம் எழுதினார். ஹம்ப்ரி மாட்டேன் என்றார். அக்டோபரில் ரூஸ்வெல்ட் நீக்கினார். நான் இன்னும் கமிஷனர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஹம்ப்ரி 1934 பிப்ரவரியில் காலமானார். அவருடைய சொத்தை நிர்வகித்தவர் சம்பளப் பாக்கிக்காக வழக்குப் போட்டார். 1935 மே 27ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது: இப்படிப்பட்ட கமிஷனரைக் கொள்கை வேற்றுமைக்காக ஜனாதிபதி நீக்க முடியாது!

இந்தத் தீர்ப்பு வந்து ஆறு வாரம் ஆவதற்குள், 1935 ஜூலை 5ந் தேதி, வாக்னர் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை, இவற்றைக் காக்கத் தொழிலாளர் உறவு போர்டு. ஹம்ப்ரிக்காகக் கட்டிய வேலி இந்தப் போர்டுக்கும் காவலாயிற்று. பெனிசில்வேனியாவில் அலிகிப்பா என்ற ஊர் இரும்பாலையில் சங்கத்தில் சேர்ந்த பத்துத் தொழிலாளர்களைக் கம்பெனி வேலையைவிட்டு நீக்கிற்று. அவர்களை மறுபடி சேர்த்துக்கொள் என்று போர்டு உத்தரவிட்டது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1937 ஏப்ரலில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தொழிலாளர் பக்கம் தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு நீதிபதியின் ஓட்டில் தப்பிப் பிழைத்த சட்டம் இது.

அதனால் இது பரிபூரணமான சட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயலில் வேலை செய்பவனுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் 1935லேயே இதில் இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். முதலாளிக்கு ஒரு காசு அபராதம் போடவும் போர்டுக்கு அதிகாரமில்லை. வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள், இழந்த சம்பளத்தைக் கொடு என்று உத்தரவிடலாம். அந்த உத்தரவையும் முதலாளி மதிக்காவிட்டால் அப்பீல் கோர்ட்டுக்குப் போய்த்தான் அமலாக்க வேண்டும். பல் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சப் பல்லையும் பிடுங்குவதற்குத்தான் இத்தனை பாடு!

நாற்காலியைக் காலி வைக்கும் வித்தை 2025ல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. டிரம்ப் ஒருவரைத் திட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடக் கூடாது. 2008 தொடக்கத்திலிருந்து 2010 மார்ச் வரை இதே போர்டில் இரண்டே பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். புதியவர்களைப் போடுவதில் ஜனாதிபதியும் செனட்டும் ஒத்துப்போகவில்லை. அந்த இருவரும், வேலை நிற்கக் கூடாதே என்று, ஏறத்தாழ 600 வழக்குகளில் தீர்ப்புச் சொன்னார்கள். நியூ பிராசஸ் ஸ்டீல் என்ற கம்பெனி வழக்காடிற்று. இருவர் சொன்னது செல்லாது என்று 2010 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்று கூறிவிட்டது. இரண்டு வருஷத்து உழைப்பு ஒரே நாளில் சந்தியில் நின்றது! 2012 ஜனவரியில் ஒபாமா, செனட் ஓய்வில் இருக்கிறது என்று சொல்லி மூன்று பேரை நேராகவே நியமித்தார். செனட் ஓய்வில் இல்லை, நியமனம் செல்லாது என்று 2014ல் கோர்ட்டு ஏகமனதாகச் சொன்னது. இப்படியாக, ஜனாதிபதி நாற்காலியைக் காலி செய்யலாம், செனட் சபை நிரப்பாமல் வைக்கலாம், கோர்ட்டு உட்கார்ந்தவரை எழுப்பலாம். மூவருக்கும் வழி உண்டு. சங்கம் வைத்ததற்காக வேலை போனவனுக்கு மட்டும் வழி இல்லை. தன் வழக்கை நேரே கோர்ட்டுக்குக் கொண்டுபோக அவனுக்கு இந்தச் சட்டத்தில் உரிமை கிடையாது. அவன் போர்டின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

வில்காக்ஸ் அம்மையார் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 2025 மார்ச்சில் ஜில்லா நீதிபதி நீக்கம் சட்ட விரோதம் என்றார். அம்மையார் திரும்பி வந்தார். அப்பீல் கோர்ட்டு அனுப்பியது, பிறகு அழைத்தது. சுப்ரீம் கோர்ட்டு மறுபடி நிறுத்தியது. மே 22ந் தேதி, வழக்கு முடியும்வரை அவர் வெளியேதான் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. மூன்று நீதிபதிகள் ஆட்சேபித்தார்கள். ஹம்ப்ரி இருந்த அதே வர்த்தகக் கமிஷனிலிருந்து 2025 மார்ச்சில் நீக்கப்பட்ட ரெபெக்கா ஸ்லாட்டரின் வழக்கில், 1935 தீர்ப்பே நிற்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, டிசம்பரில் வாதம் கேட்டது.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதிக்குக் கீழே, ஜனங்கள் தேர்ந்தெடுக்காத கமிஷனர் கட்டுப்படாமல் இருப்பது ஜனநாயகமா என்று டிரம்ப் பக்கத்து வக்கீல்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. அதை நாமும் மதித்து யோசித்திருப்போம், மே 22ந் தேதி உத்தரவில் ஒரு வால் இல்லாமல் இருந்திருந்தால்! நீங்கள் சொல்வதுபோலானால் பெடரல் ரிசர்வ் போர்டின் கதி என்ன என்று எதிர்த் தரப்பார் கேட்டார்கள். பெடரல் ரிசர்வ் என்பது நாட்டின் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் பாங்கிகளின் பாங்கி. அதன் கவர்னர்களுக்குப் பதவிக்காலம் 14 வருஷம். கோர்ட்டு என்ன சொல்லிற்று? அது தனிரகமான அமைப்பு, பழைய தேசியப் பாங்கிகளின் வழியில் வந்தது, அதற்கு இது பொருந்தாது என்று சொல்லிற்று. 2025 ஆகஸ்டில் அந்தப் போர்டின் கவர்னர் லிசா குக் அம்மையாரை, வீட்டு அடமானக் கடன் சம்பந்தமாக ஒரு குற்றச்சாட்டைக் கூறி டிரம்ப் நீக்கியதாக அறிவித்தார். அம்மையார் குற்றச்சாட்டை மறுத்தார். அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, ஜனவரியில் வாதம் கேட்போம், அதுவரை அவர் பதவியிலேயே இருக்கட்டும் என்றது. தொழிலாளர் போர்டின் உறுப்பினர் வழக்கு முடியும்வரை வெளியே; பாங்கிப் போர்டின் கவர்னர் வழக்கு நடக்கும்போது உள்ளே! குற்றச்சாட்டே இல்லாதவர் வெளியே, குற்றச்சாட்டுச் சொல்லப்பட்டவர் உள்ளே! குக் அம்மையார் உள்ளே இருந்ததில் நமக்கு வருத்தமில்லை. அந்த நியாயம் வில்காக்சுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம். பாங்கிப் போர்டு ஆடினால் பங்கு மார்க்கெட் ஆடும். தொழிலாளர் போர்டு நின்றால் பிலடெல்பியாக் கடையில் 130 பேருடைய ஓட்டு நிற்கும்.

2025 டிசம்பரில் செனட் சபை இரண்டு புதிய உறுப்பினர்களை ஊர்ஜிதம் செய்தது. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு போர்டுக்கு நிலையான கோரம் வந்தது. இருவரும் டிரம்ப் பெயர் சொன்னவர்கள். ஒருவர் அந்தப் போர்டிலேயே நெடுங்காலம் வேலை பார்த்த வக்கீல். மற்றவர் போயிங் விமானக் கம்பெனிக்குத் தொழிலாளர் விவகாரங்களில் தலைமை வக்கீலாக இருந்தவர். அந்த வருஷம் முழுவதும் கட்டி வைத்த மனுக்கள் அவர்கள் மேஜைக்குத்தான் போயின.