செவி திறவாமல் கை எழுதுமா?

பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலைத் தமிழுலகம் அச்சுக்கலையால் அறியும். போர்த்துக்கல்லினின்று வந்து பரதவரிடை வாழ்ந்து, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணமும் வரைந்த அன்றீக்கு அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586-இல் அங்கேயே அச்சேறியதென அறிஞர் கூறுவர். எழுத்து அச்சேறிய மண்ணின் பெருமையைப் பேசுகின்றோம். நம் பிள்ளைகள் எழுத்தைக் கற்கும் முறையைப் பற்றி எண்ணுகின்றோமா? மூன்றகவைப் பிள்ளையின் பிஞ்சுக் கையிற் கரிக்கோலைத் திணித்து, 'அ' போடு என்று அதட்டுவதே பல இடங்களிலும் கல்வியாகிவிட்டது.

தொல்காப்பியர் எழுத்தென்றது முதற்கண் ஒலியையே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரையென வகுத்த மாத்திரைக்கு அளவு யாது? கண்ணிமைப்பும் கைந்நொடியும்! ஒலியை உடலசைவால் அளந்த இனம், இன்று தன் பிள்ளைகளை அசையாது அமர்த்தி வைத்து எழுத்தைப் புகட்டுகின்றது.

தெருவில் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ககரம் சேர்த்து, 'வலை' என்பதைக் 'கவகலை' என்று மறைமொழி பேசிச் சிரிப்பர். பெரியோர் அதனைப் பிதற்றல் என்று கடிவர். அதுவோ, சொல்லைத் துண்டு துண்டாகப் பகுத்தறியும் அருமையான செவிப்பயிற்சி! இத்தகைய ஆடல்களைச் சிறாருக்கேற்ப அமைப்பது அரிதன்று. 'கல்' என்றால் ஒரு தாவல். 'கால்' என்றால் இரு தாவல். கடற்கரையாயின் இன்னும் சிறப்பு: 'அலை' என்றதும் நீரை நோக்கி ஓடுக, 'அழை' என்றதும் கையசைத்துத் தோழரை அழைக்க, 'அளை' என்றதும் குந்தி மணலை அளைக. வட்டமாய் நின்று பந்தெறிந்து, 'கடல், மடல், உடல்' என எதுகை தொடுக்கலாம். காசு வேண்டா, மணல் போதும்.

மேலையர் இதனை ஆய்ந்து நிறுவியுள்ளனர். ஒலியைப் பாகுபடுத்தும் திறனுக்கும் படிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆக்சுபோர்டு அறிஞர் பிராட்லியும் பிரையன்டும் 1983-இல் வெளியிட்டனர். தென்மார்க்கின் போர்ன்கோல்ம் தீவில், இங்குவார் லுண்டுபர்க்கு குழுவினர், பள்ளி புகாத பிள்ளைகளுக்கு எழுத்தே கற்பியாது, எட்டுத் திங்கள் நாள்தோறும் சிறிது பொழுது ஒலி விளையாட்டுகளை மட்டுமே குழுவாக ஆடச் செய்தனர். அப்பிள்ளைகள் பின்னர்ப் பள்ளியில் ஏனையோரினும் நன்கு படித்தனர், பிழை குறைத்து எழுதினர் என்பது 1988-இல் வெளிவந்த முடிவு. அவர்தம் எழுத்து தனியொலி எழுத்து. நமதோ உயிர்மெய் எழுத்து. ஆகலின் நாம் அசையினின்று தொடங்கி, 'மீ' என்பதனுள் மகரமெய்யும் ஈகாரமும் ஒளிந்திருப்பதைப் பின்னரே காட்டல் தகும். அவர் முறையை அப்படியே படியெடுக்க வேண்டுவதில்லை.

இதில் இழப்பு யாருக்கு? தாய்மொழி ஒலியே செவியிற் பிரிந்து பழகாத பருவத்தில், ஆங்கில எழுத்தை உருப்போடும் மழலைக் கூடங்களுக்குக் கடன்பட்டுப் பணங்கட்டும் மீனவக் குடும்பத்துக்கே. அப்பிள்ளை மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் தடுமாறினால், 'மண்டு' என்ற பட்டம் வேறு! 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் ஆடலுக்கும் பாடலுக்கும் இடந்தந்தது, பாராட்டுவோம். ஆயின் அதற்கும் முற்பட்ட அங்கன்வாடிப் பருவத்திலேயே நாள்தோறும் கால்மணி நேரமேனும் இவ்வொலியாடல் நிகழ்தல் வேண்டும்.

ஒன்று கூறவேண்டும். ஆட்டத்தில் 'அழை' என்பதை 'அளை' என்று ஒலிக்கும் பிள்ளையைத் திருத்திக் குட்டாதீர். ழகரம் நாவிற் படிய நாளாகும். வேறுபாடு செவிக்குப் புலனானதா என்பதை மட்டும், அப்பிள்ளை எப்பக்கம் ஓடுகின்றது என்று பார்த்தறியுங்கள்.