அப்பம்மா உண்ணாத கேக்

எமது மூத்த மகளுக்குச் சென்ற மாதம் பதினொரு வயது நிறைந்தது. வழமை போலக் கேக் வெட்டினோம். முதல் துண்டு தாய்க்கு, அடுத்தது தந்தைக்கு, அதற்கடுத்தது தம்பிக்கு என்று ஊட்டி வந்தவள், நான்காவது துண்டைக் கையில் ஏந்தியவாறு, விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பம்மாவின் முன்னே போய் நின்றாள். எமது அன்னையார் வழக்கப்படி அத்துண்டை வாங்கி, பேர்த்தியின் வாயிலேயே திருப்பி ஊட்டிவிட்டார். ஆண்டுதோறும் நடந்து வரும் இச்சடங்கைப் பற்றிப் பிள்ளைக்கு அன்றுதான் ஐயம் பிறந்தது.

"அப்பம்மா, நீங்கள் ஏன் ஒருநாளும் என்ரை கேக்கைச் சாப்பிடுறேல்லை?"

"முட்டை போட்டிருக்கெல்லோ, குஞ்சு."

"அப்ப, முட்டை போடாமல் செய்தால்?"

"முட்டை போடாமல் கேக்கோ?" என்று கேட்டு அன்னையார் சிரித்தார். நாமும் சேர்ந்து சிரித்தோம். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் அவ்விடத்திலே சிரித்திருக்கக் கூடாது. பிள்ளை சிரிக்கவில்லை.

அன்றிரவு எமக்கு ஒரு செய்தி உறைத்தது. எமது அன்னையார் பிறந்தது முதல் சைவ உணவினர். தந்தையார் அவ்வாறல்லர். ஆகவே, தாம் தொடாத கறிகளையும் சமைத்து, பின்பு முழுகித் தமக்கெனத் தனி அடுப்பில், தனிச் சட்டியில் உலை வைப்பது அவர் வாழ்க்கை முறையாயிற்று. கேக்கும் அவ்வாறே. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கேக் செய்து கொடுத்தவர் அவரே. அதன் சுவை யாதென அவர் ஒருநாளும் அறிந்ததில்லை. இதனை நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததுமில்லை.

1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலிலே மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறையினர் நாம். அந்நாளிலும், மாவும் சீனியும் அகப்பட்ட ஆண்டுகளில், எமது பிறந்தநாளுக்குக் கேக் இருந்தது. பெரிய அலுமினியப் பானையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேற் கேக் தட்டை இறக்கி, தட்டையான மூடியால் மூடி, மூடியின் மேலே சிரட்டைத் தணலைக் கொட்டுவார். "கீழே குறைய, மேலே கூட" என்பது அவரது சூத்திரம். மணிக்கூடு பார்ப்பதில்லை, மூடியைத் திறந்து பார்ப்பதுமில்லை. கிணற்றடியில் நின்றவர் திடீரெனத் தலையை நிமிர்த்தி, "வெந்திட்டுது" என்பார். மணத்தைக் கொண்டே அறிவார். வெட்டிக் கொடுத்தபின் எமது முகத்தைப் பார்த்து, "சரியோ?" என்று கேட்பார். சுவை பார்க்க முடியாத ஒருவருக்கு எமது முகமே நாக்காயிருந்தது. வாய் நிறைய அடைத்துக்கொண்டு தலையாட்டியதன்றி நாம் வேறொன்றும் சொன்னதாக நினைவில்லை.

ஆகவே, முட்டையில்லாத கேக் ஒன்றைச் செய்வது என்று தீர்மானித்தோம். அடுத்த சனிக்கிழமை துணைவியார் தையல் வேலையாக இருக்க, பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு குசினிக்குள் நுழைந்தோம். எமது முறை மிக எளியது. வழமையான பட்டர் கேக்கின் குறிப்பை எடுத்து, அதிலே முட்டை என்ற வரியை மட்டும் பேனாவால் வெட்டிவிட்டோம்.

விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? வெளியே கருகி, உள்ளே மாவாக, கத்தி வைத்ததும் பொருபொருவென உதிர்ந்தது. எமது இளைய மகன் இரண்டாந்தரத்திற் படிப்பவன். உண்மை பேசுவதில் இன்னும் கட்டுப்பாடு பழகாதவன். "அப்பா, இது கேக் இல்லை, மண்" என்றான்.

மாணவருக்கு ஒன்று சொல்வோம். பழைய பட்டர் கேக்கின் கணக்கு நான்கு சமபங்குகளாலானது: மா ஓர் இறாத்தல், சீனி ஓர் இறாத்தல், பட்டர் ஓர் இறாத்தல், முட்டை ஓர் இறாத்தல். இறாத்தல் என்பது இக்கால அளவிலே ஏறக்குறைய 454 கிராம். ஆங்கிலேயர் இதனைப் பவுண்ட் கேக் என அழைத்ததும் இக்கணக்குப் பற்றியே. நாம் முட்டையை நீக்கியபோது நான்கு காலுடைய மேசையில் ஒரு காலை அறுத்தவராயினோம். முட்டையின் நிறையிலே முக்காற்பங்கு நீர், அது போயிற்று. அடிக்கும்போது காற்றைக் குமிழ்களாகப் பிடித்து வைப்பதும், சூட்டிலே இறுகி அக்குமிழ்களைச் சுற்றிச் சுவர் எழுப்புவதும் முட்டையின் புரதம், அதுவும் போயிற்று. கொழுப்பையும் நீரையும் பிரியாமல் இணைத்து வைக்கும் மஞ்சட்கருவும் போயிற்று. எஞ்சியது மகன் சொன்ன பொருளே.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி எமக்குக் கைகொடுத்தது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே அல்பிரட் பேர்ட் என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவியாருக்கு முட்டை ஒவ்வாது. ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்த பாணும் ஒவ்வாது. மனைவியாரும் உண்ணவேண்டுமென்று, 1837 இல் முட்டைக்குப் பதிலாகச் சோளமாவைக் கொண்டு கஸ்ரட் தூளைச் செய்தார். 1843 இல் ஈஸ்ட் இல்லாமலே மாவைப் பொங்கச் செய்யும் பேக்கிங் பவுடரையும் ஆக்கினார். இன்று உலகெங்கும் அலுமாரிகளில் இருக்கும் அச்சிறு டப்பா, ஒரு வீட்டில் ஒருவர் உண்ண முடியாதிருந்தமையாற் பிறந்தது. இக்கதையைக் கேட்ட மகள், "அப்ப அவரும் எங்களைப் போலத்தான்" என்றாள். அவர் மருந்துக் கலவையில் வல்லவர், நாம் சோக்குக் கட்டியில் வல்லவர் என்னும் வேற்றுமையை நாம் எடுத்துரைக்கவில்லை.

பேக்கிங் பவுடரில் இருப்பது அப்பச்சோடாவும், அதனோடு உலர்ந்த அமிலமொன்றும், ஈரம் படாமற் காக்கச் சிறிது மாப்பொருளும் ஆகும். ஈரம் பட்டதும் அமிலமும் சோடாவும் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயு வெளிவரும். அமிலம் வேறு எங்கே உண்டு? எமது உறியிலேயே உண்டு. தயிரின் புளிப்பும் அமிலமன்றோ? அது நீரையும் தரும்; புரதத்தையும் ஓரளவு தரும். முட்டை செய்த வேலைகளைத் தயிருக்கும் சோடாவுக்கும் பேக்கிங் பவுடருக்குமாகப் பகிர்ந்து கொடுத்தோம்.

அளவு இது. கோதுமை மா ஒன்றரைக் கோப்பை, அதாவது ஏறக்குறைய 200 கிராம். தண்ணீர் அதிகம் விடாத புதுத் தயிர் ஒரு கோப்பை. சீனி முக்காற் கோப்பை. மரக்கறி எண்ணெய் அரைக் கோப்பை. பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி. அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம், கூடினாற் சவர்க்காரம் போலக் கைக்கும். வனிலா ஒரு தேக்கரண்டி. முதலில் தயிரையும் சீனியையும் கரையும்வரை கலக்கி, அதிலே சோடாவையும் பேக்கிங் பவுடரையும் இட்டு ஐந்து நிமிடம் விடுக. தயிர் நுரைத்துப் பொங்கி எழும். பிள்ளைகளைப் பக்கத்திலே நிறுத்த வேண்டிய இடம் இதுவே. மகன் கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, "உயிரோடை இருக்கு" என்றான். பின்பு எண்ணெயையும் வனிலாவையும் விட்டு, அரிதட்டில் அரித்த மாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மா மறைந்ததும் அகப்பையை நிறுத்திவிடுக. மேலும் மேலும் அடித்தால் மாவிலுள்ள பசைப்புரதம் இறுகிக் கேக் தோற்பதமாகிவிடும். பிடித்த வாயுவும் போய்விடும். பிள்ளைகளிடமிருந்து அகப்பையை வாங்குவதுதான் இச்சமையலிலே மிகக் கடினமான பகுதி.

வனிலாவுக்குப் பதிலாக ஏலம் இட்டால் அப்பம்மாவுக்குப் பிடிக்கும் என்று மகள் எண்ணி, விறாந்தைக்குப் போய்க் கேட்டு வந்தாள். "ஏலம் வேண்டாமாம். அந்த மணந்தான் வேணுமாம்" என்றாள். எந்த மணமென்று எமக்கு விளங்கிற்று.

மின்சார அடுப்பில் 180 பாகை செல்சியசில் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய வேகவைத்தோம். பொன்னிறமாகப் பொங்கி வந்தது. ஈர்க்கால் நடுவிலே குத்திப் பார்த்தோம், மாவு ஒட்டவில்லை. மகள் ஒரு துண்டை வெட்டிப் பீங்கான் கோப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்னையார் வாங்கி, மணந்து பார்த்து, வாயருகே கொண்டுபோனார்.

"அப்பம்மா, இது அக்காவின்ரை பிறந்தநாள் கேக் சுட்ட தட்டிலைதான் சுட்டது" என்றான் மகன்.

அன்னையாரின் கை நின்றது. துண்டை மெல்லக் கோப்பையில் வைத்துவிட்டு, "நல்லாய் வந்திருக்குது குஞ்சு, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார். மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. எமக்கோ மகன்மீது சினம் மூண்டது. அவனைக் குசினிக்குள் அழைத்து, "உனக்கு வாய் சும்மா கிடவாதோ?" என்று அதட்டினோம். அவன் திகைத்துப்போய், "அப்பம்மாவுக்குச் சொல்லாமல் குடுக்கலாமோ, அப்பா?" என்றான். வகுப்பறையில் இருபது ஆண்டுகள் நின்ற எமக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. தட்டைக் கவனியாமல் விட்டவர் நாமே. அன்னையாரின் அலுமாரியிலே தனித் தட்டும் தனிச் செம்பும் இருப்பதைப் பிறந்த நாள் தொட்டுக் கண்டு வந்தும், அது நினைவுக்கு வரவில்லை. இரவு அவனிடம் எமது பிழையை ஒப்புக்கொண்டோம். அவன் அதற்குள் அதை மறந்துவிட்டான்.

மறுநாட் காலை, குசினி மேசையில் அன்னையார் தாம் பால் காய்ச்சும் எவர்சில்வர்ச் சட்டியை மினுக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார். "இதிலை செய்யட்டும் பிள்ளையள். அந்தக் கரண்டுப் பெட்டிக்குள்ளை வேண்டாம்" என்றார். பெட்டிக்குள்ளும் முட்டைக் கேக் வெந்ததுதானே. அவர் கணக்கிலே பிழையில்லை.

ஆகவே முற்றத்திலே மூன்று கல் வைத்தோம். புதுப் பானை வாங்கி, புது மணலை அரித்துப் பரப்பினோம். சிரட்டைத் தணல் பிடிக்கும்வரை பத்து நிமிடம் பானையை மூடிச் சூடேற்றினோம். மகள் மாவைக் கலந்தாள். மகன் உள்ளங்கையில் எண்ணெய் தடவிச் சட்டியெங்கும் பூசினான். மின்சார அடுப்பு இல்லாத வாசகர்கள் இம்முறையைத் தயங்காமற் கைக்கொள்ளலாம். நெருப்பை மாத்திரம் பெரியவர்களே கையாள வேண்டும். மூடியை இடையிலே திறத்தலும் ஆகாது, திறந்தால் நடுப்பகுதி அமிழ்ந்துவிடும். அன்னையார் சாய்மனைக் கதிரையை முற்றத்துக்கு இழுப்பித்து, "கீழே குறைய, மேலே கூட" என்று அங்கிருந்தே ஆணையிட்டார்.

நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தைந்தாம் நிமிடத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கையிலே, கண்ணை மூடியிருந்த அன்னையார், "வெந்திட்டுது, எடுங்கோ" என்றார். எமது கணக்குப்படி இன்னும் நேரம் இருந்தது. மகள் எம்மைப் பார்த்தாள். பின் அப்பம்மாவைப் பார்த்தாள். தணலைத் தள்ளி மூடியைத் திறக்கும்படி எம்மிடம் சொன்னாள். ஈர்க்குச் சுத்தமாக வெளிவந்தது.

ஆறவிட்டு வெட்டிய முதல் துண்டு அப்பம்மாவுக்கே சென்றது. சிறிய கடியாகக் கடித்து, நெடுநேரம் மென்றார். நாங்கள் நால்வரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரியோ, அப்பம்மா?" என்றாள் மகள்.

"இதுக்கோ உன்ரை அப்பாவும் சித்தப்பாவும் அந்தக் காலத்திலை அடிபட்டவையள்?" என்றார் அன்னையார். பின்பு எம்மைப் பார்த்து, "தம்பி, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

மகள் ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துவந்து, முக்காற் கோப்பை என்று எழுதியிருந்ததை வெட்டி அரைக் கோப்பை என்று திருத்தினாள். அவள் எழுதி முடிப்பதற்குள் அன்னையார் வெறுந்தேநீர் ஒன்று கேட்டு, இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.