பழைய சூதாட்ட விடுதியில் தங்கலாமா?

"கேசினோ" என்றால் சென்னைக்காரர்களுக்குச் சினிமாக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது சூதாடும் இடத்தின் பெயர். அங்கே நெவாடா என்று ஒரு மாநிலம். அதில் பாலைவனத்தின் நடுவே லாஸ் வேகாஸ் என்று ஒரு நகரம். இரவா, பகலா என்று தெரியாதபடி விளக்குகள் எரியும் ஊர்.

அந்த ஊர் ஓட்டல்கள் பலவற்றில் ஓட்டலும் சூதாட்ட மண்டபமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கீழே ஆட்டம், மேலே அறை.

மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து போகிறார்கள். கிராண்ட் கேன்யன் என்னும் பெரிய பள்ளத்தாக்கைக் காட்ட மகன் காரில் அழைத்துப் போகிறான். வழியில் இரவு தங்க வசதியான ஊர் லாஸ் வேகாஸ். அறை தேடுகிறார்கள். புதிய ஓட்டலில் 200 டாலர் என்று போட்டிருக்கிறது. பழைய சூதாட்ட விடுதி ஒன்றில் 40 டாலர்!

"ஒரு ராத்திரிதானே, பழையது போதும்" என்கிறார் அப்பா. "அங்கே சூதாட்டம் நடக்குமாமே, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி?" என்கிறார் அம்மா. எத்தனையோ குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்கிறது. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

அறை ஏன் மலிவு?

1946ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி லாஸ் வேகாசில் பிளமிங்கோ என்ற ஓட்டலின் சூதாட்ட மண்டபம் திறக்கப்பட்டது. அதை நடத்தியவன் பக்சி சீகல். பெயர் போன கொள்ளைக் கூட்டக்காரன். திறப்பு விழா தடபுடலாக நடந்தது. சினிமா நட்சத்திரங்கள் வந்தார்கள். ஆனால் படுக்கை அறைகள் கட்டி முடியவில்லை! ஆட வந்தவர்கள் ஆடினார்கள். ஜெயித்தவர்கள் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, தூங்குவதற்கு வேறு ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். பிளமிங்கோவுக்கு நஷ்டம். சில வாரங்களில் கதவைச் சாத்தினார்கள். அறை வேலையைத் தொடர்ந்து நடத்தி, 1947 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் லாபம் வந்தது.

(அந்த ஆண்டு ஜூன் 20ந் தேதி சீகல் சுட்டுக் கொல்லப்பட்டான். கொன்றவன் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.)

சூதாட்ட விடுதியில் அறை எதற்கு என்பது இந்தக் கதையில் தெரிந்துவிடும். ஜெயித்தவனை வெளியே போகவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு ஜெயித்தவன் அங்கேயே தூங்கினால், காலையில் எழுந்து வந்து அதே பணத்தை வைத்து ஆடுவான். அறையில் வரும் நஷ்டம் மேஜையில் திரும்பி வந்துவிடும்.

சாப்பாட்டிலும் இதே தந்திரம்தான். கோல்டன் கேட் என்ற விடுதி லாஸ் வேகாசிலேயே மிகப் பழையது. 1906ல் ஓட்டல் நெவாடா என்ற பெயரில் திறந்தது. அங்கே 1959ல் ஒரு கிண்ணம் இறாலை அரை டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். ஊரே பேசியது. இறால் தின்ன வந்தவர்கள் இறாலை மட்டும் தின்றுவிட்டுப் போனார்களா? போகவில்லை.

இலவச அறை என்ற பேச்சும் உண்டு. ஆடுகிறவருக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் ஆடினார், ஒரு தடவைக்கு எவ்வளவு வைத்தார் என்று அதில் கணக்கு ஏறும். "இவர் இவ்வளவு தோற்பார்" என்று விடுதி கணக்குப் போடும். அதில் ஒரு பங்கை அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தரும். இலவசம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்.

சக்கரத்தின் கணக்கு

தருமபுத்திரர் எதிரில் சகுனி இருந்தான். லாஸ் வேகாசில் சகுனி தேவையில்லை. மோசடியும் தேவையில்லை. கணக்கே போதும்.

ரூலெட் என்பது சுழலும் சக்கரம். அதில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள். அதோடு ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஓர் எண் மீது 1 டாலர் வைத்து ஜெயித்தால் 35 டாலர் கிடைக்கும். வைத்த டாலரும் திரும்பி வரும். ஆக 36. ஒருவர் 38 குழிகளிலும் ஒவ்வொரு டாலர் வைத்துவிட்டால்? 38 டாலர் போய், 36 டாலர் வரும். 2 டாலர் விடுதிக்கு. நூற்றுக்கு 5 டாலர் 26 சென்ட். இது எந்த நேரமும், எந்த இரவும் மாறாத வரி! சில விடுதிகளில் மூன்றாவது பூஜ்யமும் சேர்த்துவிட்டார்கள். அங்கே நூற்றுக்கு 7 டாலர் 69 சென்ட்.

ஆட்டக்காரர்கள் சிலர் பழைய விடுதியைத் தேடிப் போவதற்கு ஒரு காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால், முன்பெல்லாம் 10 டாலருக்கு 15 டாலர் கொடுப்பார்கள். இப்போது பல பெரிய விடுதிகளில் 12 டாலர்தான். நகரின் பழைய பகுதியில் 15 டாலர் கொடுக்கும் மேஜைகளை இன்னும் பார்க்கலாம். மேஜை விரிப்பிலேயே விகிதம் எழுதியிருக்கும். ஆனால் அங்கேயும் விதிகள் விடுதிக்குச் சாதகமாகத்தான் இருக்கும். மெதுவாகத் தோற்பதற்கு அது நல்ல இடம், அவ்வளவுதான்.

40 டாலர் எப்படி 96 ஆகும்?

அறைக்கு 40 டாலர் என்று விளம்பரம் இருக்கும். கட்டும்போது "ரிசார்ட் கட்டணம்" என்று ஒன்று வந்து நிற்கும். நீச்சல் குளம், டெலிபோன், இன்டர்நெட் என்று காரணம் சொல்வார்கள். குளத்தை எட்டிப் பார்க்காதவரும் கட்ட வேண்டும். அது 45 டாலர் என்று வைத்துக்கொண்டால், அறை வாடகையை விடக் கட்டணம் அதிகம்! இரண்டும் சேர்ந்து 85. அதற்கு மேல் சுமார் 13 சதவீதம் அறை வரி. மொத்தம் 96 டாலர். கார் நிறுத்தக் கட்டணம் வேறு இருக்கலாம்.

இந்தக் கண்கட்டு வித்தையைப் பற்றி வெகுநாள் புகார் இருந்தது. 2025 மே 12 முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்பது விதி. நல்ல காரியம். ஆனால் அரசு வரியைத் தனியாகக் காட்ட இடம் இருக்கிறது. ஆகையால் கடைசித் தொகையைப் பார்க்காமல் கார்டு எண்ணைக் கொடுக்கக்கூடாது. வந்து சேர்ந்ததும் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். அது திரும்ப வரச் சில நாள் ஆகும். கையில் அளவாகப் பணம் கொண்டு வந்தவர்களுக்கு இது ஓர் இடைஞ்சல்.

கிழமையும் முக்கியம். ஞாயிறு முதல் வியாழன் வரை அறை மலிவாகக் கிடைக்கும். வெள்ளி, சனியில் விலை ஏறும். பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்தில் பழைய விடுதியும் புதிய விடுதியின் விலையைக் கேட்கும். அப்போது பழையதில் தங்குவதற்கு அர்த்தமே இல்லை.

நவம்பர் 21, 1980

பழைய கட்டிடம் என்றதும் பெரியவர்கள் பயப்படுவது தீக்கு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு.

1973ல் திறந்த எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டல் 26 மாடிக் கட்டிடம். 1980 நவம்பர் 21ந் தேதி காலை 7 மணி சுமார். பலர் இன்னும் படுக்கையில் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் பூட்டியிருந்த ஓர் உணவகத்தின் சுவருக்குள் மின்சாரக் கோளாறினால் தீப்பிடித்தது. சூதாட்ட மண்டபத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இல்லை. "இங்கே 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், தீயை உடனே பார்த்துவிடலாம்" என்று சொல்லி விதிவிலக்கு வாங்கியிருந்தார்கள். தீ சில நிமிடங்களில் மண்டபம் முழுவதும் பாய்ந்தது. புகை லிப்ட் வழியாகவும் மாடிப்படி வழியாகவும் மேலே ஏறியது. 85 பேர் மாண்டார்கள். தீ கீழே, மாண்டவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில்! நெருப்புத் தொடாமல், புகையால் மூச்சுத் திணறி மாண்டவர்கள் அவர்கள்.

மூன்று மாதம் ஆகவில்லை. 1981 பிப்ரவரி 10ந் தேதி லாஸ் வேகாஸ் ஹில்டன் ஓட்டலில் ஒருவன் தீ வைத்தான். 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நெவாடா அரசு விழித்தது. ஏற்கெனவே கட்டிய உயரமான ஓட்டல்களிலும் தண்ணீர் தெளிப்பான் பொருத்த வேண்டும் என்று 1981ல் சட்டம் செய்தார்கள்.

ஆகவே, பழையது என்பதாலேயே ஒரு கட்டிடம் இன்று ஆபத்தானது என்று சொல்ல முடியாது. தீப்பிடித்த அந்த ஓட்டலே பழுதுபார்க்கப்பட்டு 1981ல் மீண்டும் திறந்தது. 2022 முதல் ஹார்ஸ்ஷூ என்ற பெயரில் நடக்கிறது. இப்போது எம்.ஜி.எம். கிராண்ட் என்ற பெயரில் இருப்பது 1993ல் திறந்த வேறு கட்டிடம். எந்த ஓட்டலில் தங்கினாலும், அறைக்குள் போனதும் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கும் வழிப்படத்தைப் பார்க்க வேண்டும். மாடிப்படிக்குப் போக எத்தனை கதவு தாண்ட வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. புகையில் கண் தெரியாது. கை தடவிப் போக வேண்டும். அந்த நேரத்தில் லிப்டில் ஏறவே கூடாது.

தீயை விடத் தினசரித் தொல்லை சிகரெட் புகை. 2006ல் நெவாடா மக்கள் பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் சூதாட்ட மண்டபங்களுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. பழைய மண்டபங்களில் கூரை தாழ்வு. புகை அங்கேயே சுற்றும். பல விடுதிகளில் லிப்டுக்குப் போவதற்கும் அந்த மண்டபத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கும் கைக்குழந்தைக்கும் அது ஆகாது. இதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

பெருமையும் கறையும்

பழைய விடுதியில் தங்க ஆசைப்படுவோர் எல்லோரும் காசுக்காக வருவதில்லை. சரித்திரத்துக்காக வருகிறவர்களும் உண்டு. லாஸ் வேகாஸ் தன் பழைய கட்டிடங்களை மதிக்காத ஊர். டூன்ஸ் 1993ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, சாண்ட்ஸ் 1996ல், ஸ்டார்டஸ்ட் 2007ல். 1957ல் திறந்த டிராபிகானா 2024 ஏப்ரலில் மூடப்பட்டு, அக்டோபர் 9ந் தேதி நள்ளிரவுக்குப் பின் 2.30 மணிக்கு வாணவேடிக்கையோடு தரைமட்டம் ஆக்கப்பட்டது. வீட்டை இடிக்கும்போது பட்டாசு வெடிக்கும் வழக்கம் அந்த ஊரில்தான்! அந்த இடம் பேஸ்பால் மைதானத்துக்கு. பிளமிங்கோ இன்னும் நடக்கிறது. ஆனால் சீகல் காலத்துக் கட்டிடத்தில் மிஞ்சியிருந்ததும் 1993ல் போய்விட்டது.

மிஞ்சியது கொஞ்சம். பிரீமாண்ட் தெருவில் 1941ல் திறந்த எல் கோர்டெஸ் இருக்கிறது. 2013ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் அது ஏறியது.

"அந்தக் காலம் பொற்காலம்" என்று சுவரில் பாடகர்களின் படங்களை மாட்டியிருப்பார்கள். அந்தப் படங்களில் கறுப்பினக் கலைஞர்களும் இருப்பார்கள். சாமி டேவிஸ் ஜூனியர் என்ற பாடகர் வெள்ளையரின் ஓட்டலில் இரவு பாடி, கைதட்டல் வாங்குவார். பாட்டு முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போக வேண்டும். அதே ஓட்டலில் படுக்க அவருக்கு அறை கிடையாது! ஊரின் மேற்குப் பகுதியில் கறுப்பினத்தவர் நடத்திய சிறு விடுதியில்தான் தூங்குவார். எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்ட முதல் சூதாட்ட ஓட்டலான மூலன் ரூஷ் 1955 மே மாதம் திறந்தது. அந்த ஆண்டே மூடப்பட்டது. 1960 மார்ச் 26ந் தேதி, மூடிக் கிடந்த அந்த மூலன் ரூஷில் கூடித்தான் பெரிய ஓட்டல்களின் இனத்தடையை நீக்க ஒப்பந்தம் செய்தார்கள். பழைய விடுதியின் சரித்திரம் பார்க்கப் போகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவரில் இது எப்போதும் எழுதியிருக்காது.

யார் தங்கலாம்?

பழைய பொருள்களில் ஆசை உள்ள இருவர், நல்ல கால்பலம் உள்ளவர்கள், வாரநாளில் ஓர் இரவு தங்கலாம். தவறில்லை. சீர்படுத்திய அறையா என்று கேட்க வேண்டும். பழைய பகுதியின் அறைகளுக்குச் சில இடங்களில் படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். பிரீமாண்ட் தெருப் பக்கம் ஜன்னல் உள்ள அறையும் வேண்டாம். 1995 முதல் அந்தத் தெருவுக்கு மேல் பெரிய விளக்குக் கூரை போட்டு, இரவெல்லாம் பாட்டும் கூத்தும் நடத்துகிறார்கள்.

சாவி வாங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. முதலில் அறையைப் பார்க்க வேண்டும். மூக்கு ஒன்று சொல்லும். மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பார்த்தால் மூட்டைப்பூச்சி இருந்தால் தெரியும். பிடிக்காவிட்டால் வேறு அறை கேட்கலாம். கூச்சம் தேவையில்லை, அங்கே தினமும் கேட்கிறார்கள்.

பேரப்பிள்ளைகளோடு, வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்கு இது ஏற்ற இடம் அல்ல. அம்மா சொன்னதுதான் சரி. லாஸ் வேகாசில் சூதாட்டமே இல்லாத ஓட்டல்களும் இருக்கின்றன. மொத்தக் கணக்குப் பார்த்தால் விலையில் பெரிய வித்தியாசம் இராது. இரவு அங்கே நிம்மதியாகத் தூங்கிவிட்டு, பகலில் பழைய தெருவை நடந்து பார்க்கலாம். எல் கோர்டெசின் பழைய முகப்பைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. தெருவில் நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுடன் உள்ளே போய் மேஜையருகே நின்றால் மட்டும் காவலர் வந்து நகரச் சொல்லுவார். 21 வயது ஆகாதவர்கள் ஆட்ட மண்டபத்தில் நிற்க நெவாடாச் சட்டம் இடம் தருவதில்லை.